நிலா கட்டிய கோட்டையும் நனைந்த மல்லாட்டையும்

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நடந்தது இது. மானாவாரி மல்லாட்டை பிடுங்கி, ஆய்ந்து, களத்தில் காயப் போட்டிருந்தோம். அதில் ஓரமாக ஒரு குவியல் விதைக்கென்று தனியாக எடுத்து வைத்தது. மார்கழிப் பட்டத்துக்கு வெளியில் விதை வாங்கக் கூடாது என்பது என் வைராக்கியம். வங்கியில் முப்பத்துச் சொச்சம் வருடம் கடன் கொடுத்தவன், விதைக்குக் கடன் வாங்கக் கூடாது இல்லையா?

அன்று இரவு சாப்பிட்டுவிட்டுக் களத்துப் பக்கம் வந்தேன். பக்கத்து நிலத்து ஆயா வரப்பில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம், கோலமாவில் போட்டது போல.

"நிலா கோட்டை கட்டிக்கினு கீது பாரு நைனா. எட்ட வட்டம், கிட்ட மழை. மல்லாட்டைய வாரி உள்ள போட்டுடு" என்றார்.

நான் கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். மறுநாளைக்கு மழை வாய்ப்பு குறைவு என்று காட்டியது. வானத்தில் நட்சத்திரமும் தெரிகிறது, காற்றும் இல்லை. "மழையெல்லாம் வராது ஆயா, இன்னும் ஒரு வெயில் காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். மறுநாளும் வெயில் அடிக்கத்தான் செய்தது. ஆனால் வெளுத்த வெயில். அன்று நள்ளிரவுக்கு மேல் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. நானும் வீட்டம்மாவும் இருட்டில் தார்ப்பாய் தேடி இழுத்துக்கொண்டு வருவதற்குள் குவியலின் அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த நான்கு நாளும் வெயில் இல்லை. மல்லாட்டை பூசணம் பிடித்தது. பூசணம் பிடித்த மல்லாட்டையில் அஃப்ளடாக்சின் என்கிற நஞ்சு உண்டாகும், அதை எண்ணெய் ஆட்டவும் கூடாது, பிண்ணாக்காக மாட்டுக்குப் போடவும் கூடாது. விதைக்கு வைத்ததை முளைப்புப் பார்த்தேன். பத்துக்கு மூன்று கூடத் தேறவில்லை. ஆயா ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. தன் வீட்டு விதையில் ஒரு மரக்கால் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அது இன்னும் கூடுதலாக வலித்தது.

அன்றிலிருந்துதான் நான் வானத்தை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கத் தெரிந்தது இதுதான்: வானவில் என்றால் மழை விட்டதும் வருகிற ஏழு நிற வளைவு ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். அதற்கு ஒரு பெரிய குடும்பமே இருக்கிறது. அதில் சிலது அபூர்வம், சிலது தினமும் நம் வயலில் வந்து நிற்கிறது. நாம்தான் பார்ப்பதில்லை.

கிட்ட வட்டம், எட்ட வட்டம்

"கிட்ட வட்டம் எட்ட மழை, எட்ட வட்டம் கிட்ட மழை" என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சொல்வழக்கு. மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்ட எனக்கு, அதில் இரண்டு வேறு வேறு சங்கதிகள் இருப்பது பிறகுதான் புரிந்தது.

நிலாவை ஒட்டினாற்போல் சிறியதாக வருகிற வட்டம் நீர்த்துளிகளால் ஆனது. மெல்லிய மேகத்தில் இருக்கும் நுண்ணிய துளிகளைச் சுற்றி ஒளி வளைந்து பரவுவதால் வருவது. நடுவில் வெளிறி, வெளி ஓரத்தில் செம்மை தட்டும். இப்படிப்பட்ட மேகம் மழையில்லாத நாட்களிலும் சாதாரணமாக வந்து போகும்.

பெரிய வட்டத்தின் கதை வேறு. அதைப் பழந்தமிழில் ஊர்கோள் என்றார்கள், பரிவேடம் என்றும் சொல்வதுண்டு. அது நீரால் ஆனதல்ல, பனிக்கட்டியால் ஆனது. நம் திமிரி வெயிலிலும் தலைக்கு மேலே ஆறு கிலோமீட்டருக்கும் அப்பால் எப்போதும் உறைகுளிர்தான். அங்கே மெல்லிய வெண்திரை போல மேகம் பரவும்போது அதிலிருப்பது ஆறு பட்டை கொண்ட நுண்ணிய பனிப்படிகங்கள். ஒளி ஒரு பட்டையில் நுழைந்து, ஒன்று விட்டு அடுத்த பட்டையில் வெளியேறும்போது ஏறத்தாழ 22 டிகிரி திரும்புகிறது. அதனால் சூரியனையோ நிலாவையோ சுற்றி 22 டிகிரி தள்ளி வட்டம் விழுகிறது. இதில் செம்மை உள்பக்கம் இருக்கும். சிறிய வட்டத்துக்கு நேர் எதிர்.

இந்த உயர்ந்த வெண்திரை மேகம் எங்கிருந்து வருகிறது? பல சமயம் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலத்தின் உச்சியிலிருந்து வெளியே விசிறப்பட்டு, மழை மேகத்துக்கு முன்னாலேயே வந்து சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வட்டம் தெரிந்தால் பின்னால் மழை வரக்கூடும் என்பதன் காரணம் இதுதான். ஆயாவுக்குப் படிகமும் தெரியாது, டிகிரியும் தெரியாது. ஆனால் எந்த வட்டம் எதைச் சொல்கிறது என்று தெரிந்திருந்தது.

எது கிட்ட, எது எட்ட என்று அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். கையை நேராக நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஒரு சாண். அது ஏறத்தாழ 20 டிகிரி. நிலாவில் கட்டைவிரலை வைத்து, வட்டம் சுண்டுவிரலைத் தாண்டி ஓடினால் அது எட்ட வட்டம். மூன்று விரல் அகலத்துக்குள் அடங்கிவிட்டால் கிட்ட வட்டம். பகலில் சூரியனைச் சுற்றி வட்டம் பார்க்க வேண்டுமானால் சூரியனைத் தென்னை மட்டைக்குப் பின்னாலோ கூரை முனைக்குப் பின்னாலோ மறைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் கண் கெட்டுவிடும்.

2021 மே 24 அன்று முற்பகலில் பெங்களூரில் சூரியனைச் சுற்றி இப்படி ஒரு முழு வட்டம் தெரிந்து, நகரமே மாடியில் ஏறி நின்று படம் எடுத்தது நினைவிருக்கலாம். ஊரடங்கு நேரம், எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். அதனால்தான் அத்தனை பேர் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். வட்டம் ஒன்றும் அவ்வளவு அபூர்வம் இல்லை. நிமிர்ந்து பார்ப்பதுதான் அபூர்வம்.

வானவில்லுக்கு ஒரு கணக்கு

இனி மழை வானவில்லுக்கு வருவோம். சூரியன் முதுகுக்குப் பின்னால், மழை முகத்துக்கு முன்னால். இதுதான் அடிப்படை. உங்கள் தலையின் நிழல் எங்கே விழுகிறதோ அதுதான் வில்லின் மையம். அங்கிருந்து 42 டிகிரி தள்ளி, அதாவது நீட்டிய கையால் இரண்டு சாண் தள்ளி, வில் நிற்கும். சூரியன் 42 டிகிரிக்கு மேலே ஏறிவிட்டால் வில் முழுவதும் தரைக்குக் கீழே போய்விடும். அதனால்தான் உச்சி வெயிலில் மழை பெய்தாலும் வானத்தில் வில் இல்லை. நம் பகுதியில் சுமாராகக் காலை ஒன்பதரைக்கு முன்பும் மாலை மூன்று மணிக்குப் பின்பும்தான் தேட வேண்டும். மாதத்துக்கு மாதம் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும்.

காலை வில் மழை, மாலை வில் வெயில் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பார்கள். அதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. அவர்கள் ஊரில் வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். நமக்கு ஆடி, ஆவணியில் மாலை இடிமழை மேற்கிலிருந்து கிளம்பி கிழக்கே போகும். அப்போது மாலையில் கிழக்கே வில் தெரிந்தால் மழை நம்மைக் கடந்துவிட்டது என்று அர்த்தம். ஐப்பசி, கார்த்திகையில் மழை கடலிலிருந்து, கிழக்கிலிருந்து வருகிறது. அப்போது மாலையில் கிழக்கே வில் தெரிந்தால் அந்த மழை நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கலாம். வில் ஒன்றுதான், பட்டத்துக்குப் பட்டம் சொல்கிற சேதி வேறு.

நல்ல வில் ஒன்று கிடைத்தால் உடனே அதற்கு மேலே பாருங்கள். ஏறத்தாழ 51 டிகிரியில் இரண்டாவது வில் மங்கலாக இருக்கும். துளிக்குள் ஒளி இரண்டு முறை எதிரொளித்து வருவதால் நிறங்கள் தலைகீழ். முதல் வில்லில் சிவப்பு வெளியே, இரண்டாவதில் சிவப்பு உள்ளே. இரண்டுக்கும் நடுவில் வானம் கருத்துக் கிடக்கும். கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த அலெக்சாண்டர் என்கிற கிரேக்க அறிஞர் இதைக் குறித்து வைத்ததால் அவர் பெயரே அந்தக் கருப்புப் பட்டைக்கு நிலைத்துவிட்டது.

பிறகு வில்லுக்கு உள்பக்கம் பாருங்கள். ஊதாவுக்குக் கீழே இளஞ்சிவப்பும் பச்சையுமாக மெல்லிய கரைகள் ஒன்றிரண்டு ஓடினால், அது சேலைக்குக் கூடுதல் கரை போட்ட மாதிரி. துளிகள் சிறியதாகவும் ஒரே அளவாகவும் இருக்கும்போதுதான் அது வரும். ஒளி அலையாகப் பயணிக்கிறது என்பதைக் கொண்டு தாமஸ் யங் 1804-ல் அதற்கு விளக்கம் சொன்னார். தூறலில் இது தெரியும், கொட்டும் மழையில் தெரியாது.

அபூர்வமாக வருகிற உறவுகள்

சூரியன் மறைகிற நேரத்தில் வருவது செவ்வில். நீலமும் பச்சையும் வழியிலேயே சிதறிப்போய், சிவப்பு மட்டும் மிஞ்சிய வில். அந்நேரம் சூரியன் தொடுவானில் இருப்பதால் ஏறக்குறைய அரை வட்டமாக உயர்ந்து நிற்கும். நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், மாட்டை அவிழ்க்கப் போன இடத்தில்.

நிலா வெளிச்சத்திலும் வானவில் வரும். பௌர்ணமியை ஒட்டி, நிலா தாழ்வாக இருக்கும்போது, எதிர்ப்பக்கம் மழை பெய்ய வேண்டும். வெளிச்சம் குறைவு என்பதால் நம் கண்ணுக்கு நிறம் பிடிபடாது, வெள்ளையாகத்தான் தெரியும்.

பகலிலேயே வெள்ளை வில் உண்டு. மார்கழி மூடுபனியில் வெயில் ஊடுருவும் நேரம், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றால் பனிப்புகையில் அகலமான வெள்ளை வளைவு தெரியக்கூடும். பனித்துளிகள் மிகச் சிறியவை. அதனால் நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து வெளுத்துவிடுகின்றன.

ஏரி நிறைந்திருந்தால் இன்னொன்று. காவேரிப்பாக்கம் ஏரி போலப் பெரிய நீர்ப்பரப்பு அலையடங்கிக் கிடந்தால், அதில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளி தனியாக ஒரு வில் போடும். அது சாதாரண வில்லோடு தொடுவானில் ஒட்டிக்கொண்டு, அதைவிட உயரமாகக் கிளம்பும். இதை நான் இன்னும் பார்த்ததில்லை. ஏரி நிறைகிற வருடங்களில் காத்திருக்கிறேன்.

மழையே இல்லாத நடுப்பகலில், சூரியனுக்கு வெகு கீழே, கிடைமட்டமாக ஒரு நிறப்பட்டை மேகத்தில் தீப்பிடித்த மாதிரி தெரிந்தால் அது பனிப்படிகத்தின் வேலை. சூரியன் 58 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் வரும். ஸ்டாக்ஹோம் நகரத்துக்காரர் தன் ஊரில் இருந்துகொண்டு ஆயுசுக்கும் அதைப் பார்க்க முடியாது. லண்டனில் கோடையில் இரண்டு மாதம் போல வாய்ப்பு. நமக்கோ தை மாதக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை நடுப்பகல் சூரியன் அந்த உயரத்துக்கு மேலேதான் நிற்கிறது. அங்கே அபூர்வம், இங்கே களையெடுக்கும்போது தலைக்கு மேல்.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் கோக்கர்ஸ் வாக் என்கிற நடைபாதையில் நடந்திருப்பீர்கள். 1872-ல் போடப்பட்டது. அங்கே முதுகில் வெயிலும் பள்ளத்தில் மேகமும் சரியாக அமைந்தால், உங்கள் நிழல் மேகத்தின் மேல் விழும். அதன் தலையைச் சுற்றி நிறநிறமாகச் சின்ன வட்டங்கள் தெரியும். பக்கத்தில் நிற்பவர் நிழலையும் நீங்கள் பார்க்கலாம், ஆனால் வட்டம் உங்கள் தலைக்கு மட்டும்தான். அவருக்கு அவர் தலைக்கு மட்டும்.

கொடைக்கானல் வேண்டாம், நெல் வயல் போதும்

இதற்கு நெருங்கிய ஒன்றைச் செலவில்லாமல் பார்க்கலாம். மார்கழி, தை மாதத்தில் காலை ஏழு மணிக்கு நெல் வயல் வரப்பில் சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பனி படிந்த பயிரின் மேல் நீளமாக விழும் உங்கள் நிழலில், தலையைச் சுற்றி மட்டும் வெள்ளையாக ஓர் ஒளி தெரியும். நடந்தால் கூடவே வரும். நெல் இலையின் மேல் உருண்டு நிற்கும் ஒவ்வொரு பனித்துளியும் ஒரு கண்ணாடி வில்லை. அது வெயிலைக் குவித்து இலையில் போட்டு, வந்த வழியே உங்கள் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. 16-ம் நூற்றாண்டில் இத்தாலியில் செல்லினி என்ற பொற்கொல்லர் இதைப் பார்த்துவிட்டு, கடவுள் தனக்கு மட்டும் கொடுத்த ஒளிவட்டம் என்று நம்பினார். கூட வந்தவரும் தன் தலைக்குத்தான் ஒளி என்று நினைத்திருப்பார்!

என் பேத்திக்கு முழு வட்ட வானவில்லே காட்டினேன். தரை மறைப்பதால்தான் நாம் பாதி வில்லைப் பார்க்கிறோம். காலை வெயிலில் தொட்டிக் கட்டையின் மேல் ஏறி நின்று, சூரியனுக்கு முதுகு காட்டி, மழைத்தூவான் தெளிக்கும் நீரைக் கீழ்நோக்கிப் பார்த்தோம். காலடிக்குக் கீழேயும் வில் ஓடி வட்டம் மூடியது. "தாத்தா, இது முடியவே இல்லையே" என்றாள். அரை மணி நேரம் தண்ணீர் அதிகமாக ஓடியது உண்மைதான். அந்தச் செலவை நோட்டில் எழுதவில்லை.

இந்த இடத்தில் சர் சி.வி. ராமனை நினைக்காமல் இருக்க முடியாது. திருச்சி திருவானைக்காவலில் பிறந்தவர். 1907 முதல் பத்து வருடம் அரசு நிதித்துறையில் அதிகாரியாகக் கணக்குப் பார்த்துக்கொண்டே, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்தார். 1921-ல் கப்பல் பயணத்தில் கடல் ஏன் நீலம் என்று கேட்டது, 1928 பிப்ரவரி 28-ல் ராமன் விளைவில் போய் முடிந்தது. கணக்குப் பிள்ளை வேலை பார்த்தவன் வானத்தைப் பார்ப்பது கேலிக்குரியது இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அவர் உதவுகிறார்.

கால்வாயில் தெரிந்த வானவில்

எல்லா வானவில்லும் சந்தோஷம் தராது. போன வருடம் என் வாய்க்கால் தண்ணீரில் ஊதாவும் பச்சையுமாக நிறம் மிதந்தது. தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த மாவட்டத்தில் இருக்கிறவனுக்கு அடிவயிறு கலங்காமல் என்ன செய்யும்? பாலாற்றங்கரைத் தோல் கழிவு பற்றி வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

தண்ணீரில் நிறம் மிதந்தால் முதலில் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போல உடைந்து, உடைந்தபடியே நின்றால் அது இரும்புச் சத்தைத் தின்னும் நுண்ணுயிர் போட்ட ஏடு. கெடுதல் இல்லை. கலைத்த உடனே திரும்ப ஒன்றுகூடினால் அது எண்ணெய். என் வாய்க்காலில் ஒன்றுகூடியது. யார் யாரையோ மனதில் திட்டிக்கொண்டே வாய்க்கால் ஓரமாக மேலே நடந்தேன். கடைசியில் என் களையெடுக்கும் எந்திரத்தில் டீசல் கசிந்துகொண்டிருந்தது.

வெட்கம்தான். ஆனால் அதில் ஒரு பாடமும் கிடைத்தது. தோல் கழிவின் உப்புக்கும் தண்ணீரில் கரைந்த குரோமியத்துக்கும் வானவில் நிறம் கிடையாது. தெளிந்த தண்ணீரிலும் அது இருக்கலாம். அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நம் பகுதி உழவர்கள் கோடையில் ஒருமுறை, மழை முடிந்து ஒருமுறை தண்ணீரைப் பரிசோதிப்பது நல்லது. வானத்தைப் படிக்கக் கண் போதும். பூமியைப் படிக்கக் கண்ணோடு ஆய்வுக்கூடமும் வேண்டும்.

ஒரு நோட்டு போடுங்கள்

மூன்று வருடமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தேதி, வட்டமா வில்லா, எந்தத் திசை, எத்தனை சாண், காற்று எங்கிருந்து, அடுத்த இரண்டு நாளில் மழை உண்டா இல்லையா. அவ்வளவுதான். அதில் தெரிந்ததைச் சொல்கிறேன். மாசி, பங்குனியில் போடும் வட்டம் பெரும்பாலும் ஏமாற்றிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் போடும் எட்ட வட்டத்தை, காற்றும் கிழக்கே திரும்பியிருந்தால், நம்பலாம். வட்டம் ஒன்றைப் பார்த்தே முடிவெடுக்கவும் கூடாது, வானிலை மையத்தின் அறிவிப்பைத் தள்ளவும் கூடாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஊருக்கு உங்கள் நோட்டு. என்னுடையதை நம்ப வேண்டாம்.

வங்கியில் கற்றதில் ஒன்று மட்டும் இங்கே பயன்பட்டது. ஒரு பக்கம் தார்ப்பாய் போட ஆகும் ஒரு மணி நேர வேலை. இன்னொரு பக்கம் ஒரு வருடத்து விதை. வட்டம் பத்தில் நாலு முறைதான் பலிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், மூடிவைப்பவன் நஷ்டப்பட மாட்டான்.

போன ஐப்பசியிலும் நிலா கோட்டை கட்டியது. நானே பார்த்து, ஆயா சொல்வதற்கு முன்பே மல்லாட்டையை வாரி மூடினேன். இரண்டு நாள் காத்திருந்தும் ஒரு பொட்டு மழை இல்லை. ஆயா வந்து பார்த்துவிட்டு, "இன்னா நைனா, வானம் உன்ன ஏமாத்திடுச்சா?" என்று சிரித்தார்.

"ஆமா ஆயா" என்றேன்.

"அதுக்கு இன்னா. தார்ப்பாய மடிச்சி வெய்யி. அடுத்த வட்டத்துக்கு ஆவும்."

அந்தக் களத்தில் காய்ந்தது எல்லாம் அவர் கொடுத்த அந்த ஒரு மரக்கால் விதையின் வாரிசுதான்.